எதிர்த்தட்டில் குட்டி இல்லை

ஒரு காட்டில் மரம், செடி, ஓடை எல்லாம் இருந்தன. கூடவே ஓர் எடை அலுவலகமும் இருந்தது. மரங்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டு வந்தன. அலுவலகம் மட்டும் பின்பக்கம் சாய்ப்பு இறக்கி நீண்டுகொண்டே போனது.

காட்டில் எதற்கு எடை அலுவலகம் என்று கேட்பீர்கள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஐப்பசி பிறந்த சில நாளில் அந்தக் காட்டின் தாழ்வான பகுதிக்குள் ஆறு வந்துவிடும். அங்கே குடியிருக்கும் பிராணிகள் எல்லாம் அதற்குள் ஆற்றைக் கடந்து எதிரே மேடாக இருக்கும் கரட்டுக்குப் போய்விட வேண்டும். இருப்பது ஒரே தோணி. அதை ஓட்டுகிறவர் சவரியப்பன் என்ற நீர்நாய். ஒரு வருடம் ஒரு காட்டுப்பன்றி, தான் பார்க்கத்தான் இப்படி, உடம்பில் ஒன்றுமே இல்லை என்று வாய்ப்பேச்சில் சொல்லி ஏறிவிட்டது. நடு ஆற்றில் தோணி கவிழ்ந்தது. பன்றி நீந்திக் கரையேறிவிட்டது. கூட வந்த முயல் குடும்பம்தான் போய்ச் சேர்ந்தது. அன்று முதல் எடைச் சான்றிதழ் இல்லாமல் தோணியில் யாரும் கால் வைக்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. நல்ல உத்தரவுதான். அதை நிறைவேற்ற ஆள் போட்டார்கள் பாருங்கள், வில்லங்கம் அங்கேதான் ஆரம்பம்.

போட்ட ஆள் ஏகாம்பரம் என்ற நரி. நிறுப்பதற்கு ஒரு பெரிய தராசு கொடுத்தார்கள். ஒரு தட்டில் மனுதாரர் ஏறி உட்கார வேண்டும், இன்னொரு தட்டில் ஏகாம்பரம் எடைக்கற்களை வைப்பார். முள் நடுவில் நின்றால் எத்தனை கல்லோ அத்தனை எடை. இது போக, மேலிடத்திலிருந்து ஒரு மின்னணு எடை எந்திரமும் வந்திருந்தது. தெர்மாகோல் வைத்து மூடிய பெட்டியில் வந்தது, பெட்டியிலேயே இருந்தது. பிரிக்க அனுமதி கேட்டு எழுதிப்போட்டு மூன்று வருடம் ஆகியிருந்தது. ஏகாம்பரம் அதன் மேல் ஒரு துண்டை விரித்து உட்கார்ந்துகொள்வார். உயரம் வாகாக இருந்தது.

தராசைப் பற்றி அவருக்குப் பயிற்சியும் கொடுத்திருந்தார்கள். மூன்று நாள் முகாம். நடத்தியவர் ஒரு கொக்கு. ஒற்றைக் காலில் நின்றபடியே சமநிலையைப் பற்றிப் பேசியதால் அவர் மேல் எல்லோருக்கும் நம்பிக்கை வந்தது. முதல் நாள் ஒரே ஒரு விதி சொல்லிக் கொடுத்தார். தராசின் ஒரு பக்கம் எதைச் செய்தாலும் மறுபக்கமும் அதையே செய்ய வேண்டும், அப்போதுதான் சமன் கெடாது. இரண்டாம் நாள் அந்த விதியை வைத்துத் தெரியாத எடையைக் கண்டுபிடிப்பது எப்படி என்று காட்டினார். மூன்றாம் நாள், கண்டுபிடித்த விடையைத் திரும்பப் போட்டுச் சரிபார்ப்பது. ஏகாம்பரம் முதல் நாள் விழித்திருந்தார். அடுத்த இரண்டு நாளும் மதியச் சாப்பாடு பலமாக இருந்துவிட்டது. திரும்பி வந்ததும் முதல் நாள் விதியைப் பெரிய எழுத்தில் எழுதி, லேமினேட் பண்ணி, தராசுக்கு மேலே மாட்டிவிட்டார்.

அந்த வருடம் ஐப்பசி முதல் வாரத்தில் மருதாயி வந்தாள். மருதாயி ஓர் அழுங்கு. மேலெல்லாம் செதில், வாயில் பல் கிடையாது, எறும்பும் கரையானும்தான் ஆகாரம். யாராவது அதட்டினால் பந்தாகச் சுருண்டுகொள்ளும் சுபாவம். அவள் வாலில் அவளுடைய குட்டி தொற்றிக்கொண்டிருந்தது. அழுங்குக் குட்டிகள் எல்லாம் அப்படித்தான், தாயின் வாலை விட்டு இறங்காது. அவளுடைய வளை காட்டிலேயே தாழ்ந்த இடத்தில் இருந்தது. அவள் வந்த நாளிலிருந்து நாலாம் நாள் தண்ணீர் உள்ளே வந்துவிடும் என்றும், அன்று சாயங்காலம் போவதுதான் கடைசித் தோணி என்றும் சவரியப்பன் சொல்லியிருந்தார். அழுங்குக்கு அப்படி ஒரு வெள்ளத்தில் குட்டியை வாலில் வைத்துக்கொண்டு நீந்திக் கரை சேர முடியாது. இதுதான் அவள் நிலைமை.

ஏகாம்பரம் அவளைத் தட்டில் ஏறச் சொன்னார். கல்லை ஒவ்வொன்றாக வைத்தார். பதினோராவது கல்லில் முள் நடுவில் நின்றது. படிவத்தில் ‘மனுதாரரின் எடை: எக்ஸ்’ என்று அச்சடித்திருந்த இடத்துக்கு எதிரே பதினொன்று என்று மையால் எழுதினார். எழுதி முடித்துத் தலையை நிமிர்த்தியபோதுதான் வாலில் இருந்த குட்டியைப் பார்த்தார்.

இது என்ன என்று கேட்டார். குட்டி என்றாள் மருதாயி. அதற்குப் போன வாரமே இதே அலுவலகத்தில் எடை போட்டாகிவிட்டது, இரண்டு கல், சான்றிதழ் கையில் இருக்கிறது என்று எடுத்தும் காட்டினாள்.

ஆளுக்கு ஒரு சான்றிதழ் என்பது சட்டம். அப்படியானால் தட்டில் மருதாயி தனியாக இருக்க வேண்டும். ஏகாம்பரம் குட்டியைப் பிடித்துக் கீழே இறக்கினார். மருதாயியின் தட்டு சர்ரென்று மேலே போனது, கல் தட்டு தரையில் இடித்தது, குட்டி வீறிட்டது. ஏகாம்பரம் பதறிப்போய்க் குட்டியை எடுத்து மறுபடி வாலிலேயே வைத்தார். முள் நடுவுக்கு வந்த பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது. மேலே மாட்டியிருந்த விதியை ஒரு தரம் வாய்விட்டுப் படித்தார்.

“இந்தப் பக்கம் ஒரு குட்டியை எடுத்தா அந்தப் பக்கமும் ஒரு குட்டியை எடுக்கணும். எதிர்த்தட்டுல குட்டி இருக்கா?”

“இல்லீங்களே சார். அங்க கல்லுதானே இருக்கு.”

“அப்ப எப்படிம்மா எடுக்கறது?”

அன்றைக்கு மருதாயிக்கும் கணக்குத் தெரியாது. ஏகாம்பரம் அவளைத் தட்டிலேயே உட்கார்ந்திருக்கச் சொன்னார். இறங்கினால் டோக்கன் செல்லாது, மறுபடி வரிசையின் கடைசியில் போய் நிற்க வேண்டும். வரிசையோ ஓடைவரை நின்றது. அவள் குட்டியோடு தட்டில் சுருண்டு படுத்துக்கொண்டாள்.

பசி எடுத்தது. பக்கத்து அலமாரியில் கட்டுக் கட்டாகக் கோப்புகள் இருந்தன. கோப்பு நிறையக் கரையான். மருதாயி மெல்ல நாக்கை நீட்டினாள். கோப்பில் இருப்பதெல்லாம் அலுவலகச் சொத்து என்று சொல்லி ஏகாம்பரம் அலமாரியை இழுத்துச் சாத்திவிட்டார். அவரைக் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். கெட்டவராக இருந்தால் கெஞ்சியோ மிரட்டியோ ஏதாவது செய்திருக்கலாம். அவர் விதிப்படி நடக்கிறவர், அவரை என்ன செய்ய முடியும்?

இரண்டாம் நாள் ஏகாம்பரத்துக்கு ஒரு யோசனை வந்தது. எதிர்த்தட்டில் குட்டி இல்லாததுதானே குறை, ஒரு குட்டியைக் கொண்டுவந்து வைத்துவிட்டால் தீர்ந்தது. வரிசையில் ஒரு கீரி, சான்றிதழில் முத்திரை வாங்குவதற்காகப் பிள்ளையோடு நின்றது. அந்தப் பிள்ளையும் சரியாக இரண்டு கல். பிள்ளையைக் கொடுத்தால்தான் முத்திரை என்றார். கீரி முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தது. கல் தட்டில் கீரிப்பிள்ளையை வைத்ததும் அந்தப் பக்கம் இறங்கிவிட்டது. ஏகாம்பரம் மறுபடி விதியைப் படித்தார். அந்தப் பக்கம் ஒரு குட்டியைச் சேர்த்தால் இந்தப் பக்கமும் ஒரு குட்டியைச் சேர்க்க வேண்டும்.

இன்னொரு குட்டிக்கு மூன்றாம் நாள்வரை அலைய வேண்டியிருந்தது. கடைசியில் ஒரு முள்ளம்பன்றியின் பிள்ளை அகப்பட்டது, அதுவும் இரண்டு கல். அதைக் கொண்டுவந்து மருதாயியின் பக்கத்தில் வைத்தார். முள் நடுவில் நின்றது. ஏகாம்பரத்தின் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. இப்போது இந்தப் பக்கம் ஒரு குட்டி, அந்தப் பக்கம் ஒரு குட்டி, இரண்டையும் ஒரே சமயத்தில் எடுக்கிறேன் பாருங்கள் என்று வரிசையில் நின்றவர்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். மருதாயியின் குட்டியையும் கீரியின் பிள்ளையையும் சேர்த்து இறக்கினார். முள் அசையவில்லை. எல்லோரும் கைதட்டினார்கள்.

கைதட்டல் ஓய்ந்த பிறகு தட்டைப் பார்த்தால், அந்தப் பக்கம் பழையபடி பதினோரு கல். இந்தப் பக்கம் மருதாயியும், அவள் வாலைக் கட்டிக்கொண்டு முள்ளம்பன்றியின் பிள்ளையும். மூன்று நாள் பாடுபட்டுப் புறப்பட்ட இடத்துக்கே வந்திருந்தார்கள். ஒரே வித்தியாசம், அவளுடைய சொந்தக் குட்டி தரையில் கிடந்து அழுதது, வாலில் யார் வீட்டுப் பிள்ளையோ முள்ளால் குத்திக்கொண்டிருந்தது.

ஏகாம்பரம் அசரவில்லை. இன்னொரு குட்டி கிடைக்குமா என்று வரிசையை நோட்டம் விட்டார். வரிசையில் இருந்த தாய்மார்கள் எல்லாம் பிள்ளைகளை இடுக்கிக்கொண்டு பின்வாங்கினார்கள். கீரியும் முள்ளம்பன்றியும் சண்டை போட்டுத் தங்கள் பிள்ளைகளையும் முத்திரையையும் வாங்கிக்கொண்டு தோணிக்கு ஓடிவிட்டன. மருதாயியின் குட்டி மறுபடி அவள் வாலில் ஏறிக்கொண்டது.

தட்டிலேயே மூன்று நாள் உட்கார்ந்திருப்பவளுக்கு வேறு வேலை என்ன? மருதாயி தராசையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒன்று தோன்றியது. கீரிப்பிள்ளையை வைத்தபோது முள் சாய்ந்தது, முள்ளம்பன்றிப் பிள்ளையை வைத்ததும் நேராகிவிட்டது. கீரியும் முள்ளம்பன்றியும் ஒரே சாதியா? இல்லை. ஒன்றுக்கு மென்மயிர், ஒன்றுக்கு முள். ஆனால் முள்ளுக்கும் மயிருக்கும் தராசு வித்தியாசம் பார்க்கவில்லை. அதற்கு யார் பிள்ளை என்று தெரியாது, எத்தனை கல் என்று மட்டும்தான் தெரியும். அப்படியானால் குட்டிக்குப் பதில் குட்டியைத்தான் எடுக்க வேண்டும் என்று என்ன இருக்கிறது? என் குட்டி இரண்டு கல். இந்தப் பக்கம் குட்டியை இறக்கு, அந்தப் பக்கம் இரண்டு கல்லை இறக்கு. இரண்டு பக்கமும் குறைந்தது ஒரே அளவு. இந்தப் பக்கம் நான் மட்டும் இருப்பேன். அந்தப் பக்கம் ஒன்பது கல் இருக்கும். நான் ஒன்பது.

சரிதானா என்று திரும்பப் போட்டும் பார்த்தாள். ஒன்பதும் இரண்டும் பதினொன்று. சரிதான். பசியில் கண் இருட்டிக்கொண்டு வந்த அந்த நேரத்தில் அவளுக்கு வந்த சந்தோஷத்தை நான் என்னவென்று சொல்வது! கொக்கின் முகாமுக்குப் போகாமல், சாப்பாடு சாப்பிடாமல், தட்டில் கிடந்தே ஓர் அழுங்கு கணக்குக் கற்றுக்கொண்டுவிட்டது. எனக்கே பெருமையாக இருக்கிறது.

உடனே ஏகாம்பரத்தைக் கூப்பிட்டுச் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, கல் அலுவலகத்துடையது, குட்டி தனியாருடையது, இரண்டையும் ஒன்றாக வைத்துப் பேசுவதே தப்பு என்றார். அவள் மறுபடி விளக்கினாள். அவருக்குக் கொஞ்சம் கோபம் வந்தது.

“எக்ஸு யாரு? நீதானே? எக்ஸே எந்திரிச்சு எக்ஸ் எவ்வளவுன்னு சொல்லிட்டா, அப்புறம் நான் எதுக்கும்மா இங்க உக்காந்திருக்கேன்?”

மருதாயி சுருண்டுகொண்டாள். வேறு என்ன செய்வாள்?

நாலாம் நாள் காலையில் முள் தானாகவே சாய்ந்திருந்தது. கல் தட்டு கொஞ்சம் இறங்கியிருந்தது. ஏகாம்பரம் யார் கை வைத்தது என்று சுற்றுமுற்றும் பார்த்தார். யாரும் கை வைக்கவில்லை. மூன்று நாள் பட்டினியில் மருதாயி ஒரு கல் எடை இளைத்திருந்தாள், அவ்வளவுதான். ஏகாம்பரம் யோசித்தார். இந்தப் பக்கம் ஒரு கல் குறைந்திருக்கிறது, அப்படியானால் அந்தப் பக்கமும் ஒரு கல்லைக் குறைக்க வேண்டும். ஒரு கல்லை எடுத்துத் தரையில் வைத்தார். முள் நேரானது. ‘சமன் பேணப்பட்டது’ என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

குட்டிக்காக இரண்டு கல்லை எடுக்க வராத அந்தக் கை, மருதாயி உருகியதற்காக ஒரு கல்லை எவ்வளவு லாகவமாக எடுத்தது பார்த்தீர்களா? எனக்கு இந்த இடத்தில் வயிறு எரியும். மருதாயி அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

மத்தியானம் வாசல் வழியாகத் தண்ணீர் வந்தது. முதலில் நாக்கு நனைக்கிற அளவு, பிறகு முழங்கால் அளவு. வரிசை கலைந்து ஓடியது. ஏகாம்பரம் எடை எந்திரப் பெட்டியின் மேல் ஏறி நின்று, எல்லோரும் அவரவர் இடத்தில் இருக்கும்படி கேட்டுக்கொண்டார். தண்ணீர் பெட்டியைத் தூக்கியது. தெர்மாகோல் அல்லவா, பெட்டி அவரையும் சுமந்துகொண்டு மிதந்து வாசலைத் தாண்டிப் போயே போய்விட்டது. அந்த எந்திரம் வந்த நாளிலிருந்து செய்த ஒரே வேலை அதுதான்.

அலுவலகத்தில் மருதாயியும் அவள் குட்டியும் மட்டும் மிச்சம். அவள் தட்டைவிட்டு இறங்கினாள். மேசைமேல் படிவம் இருந்தது, பேனா இருந்தது, முத்திரை இருந்தது. பதினொன்று என்று எழுதியிருந்ததை ஒன்பது என்று திருத்தப் போனவள் நிறுத்தினாள். இப்போது கல் தட்டில் இருப்பது பத்து. குட்டி இரண்டு. நான் எட்டு. விடை மாறியிருந்தது, வழி மாறவில்லை. எட்டு என்று எழுதினாள். முத்திரையை ஓங்கிக் குத்தினாள். குத்திய முத்திரையைக் கீழே வைக்க மறந்து கையிலேயே எடுத்துக்கொண்டு தோணித்துறைக்கு ஓடினாள்.

கடைசித் தோணி கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தது. சவரியப்பன் காகிதத்தை வாங்கித் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார்.

“முத்திரை இருக்கா? இருக்கு. ஏறு தாயி, நேரமாச்சு.”

எடை எவ்வளவு என்று பார்க்கமாட்டீர்களா என்று மருதாயி கேட்டாள். அவளுக்கு அந்த எட்டை யாராவது ஒருவர் பார்க்க வேண்டும் என்று இருந்தது. தனக்கு எழுத்தும் தெரியாது, எண்ணும் தெரியாது, நீலமாக வட்டம் இருந்தால் ஏற்றிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள் என்றார் சவரியப்பன். தோணியில் ஒரு மூலையில் இரண்டு காட்டுப்பன்றிகள் நீல வட்டத்தோடு சௌகரியமாக உட்கார்ந்திருந்தன.

நல்லவேளை, தோணி கவிழாமல் கரடு போய்ச் சேர்ந்தது. இதோடு கதையை முடித்து, கல்வியே கரை சேர்க்கும் என்று ஒரு வரி எழுதிவிட எனக்கும் ஆசைதான்.

ஆனால் தண்ணீர் வடிந்தால் எல்லோரும் திரும்பிப் போக வேண்டுமே. போகும்போது இருந்த எடை திரும்பும்போது இருக்குமா என்று மேலிடத்தில் யாரோ கேட்டுவிட்டார்கள். கரட்டில் புதிதாக ஓர் எடை அலுவலகம் திறந்தார்கள். பெட்டியோடு மிதந்து முன்னாலேயே அங்கு ஒதுங்கியிருந்த ஏகாம்பரத்துக்கு, வெள்ளத்திலும் அலுவலக உடைமையைக் கைவிடாதவர் என்று பாராட்டும் பதவி உயர்வும் கிடைத்தன. அவர் உள்ளறைக்குப் போய்விட்டார், பெட்டியும் கூடவே போனது. வெளியே தராசைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். முத்திரை மருதாயியின் கையில் இருந்தது. கணக்கும் தெரிந்தவள். அவளையே போட்டார்கள். லேமினேட் அட்டை புதிதாகச் செய்து மேலே மாட்டப்பட்டது.

கார்த்திகையில் ஆறு வடிந்தது. வரிசையில் முதலில் வந்தது ஒரு கரடி. முதுகில் இரண்டு குட்டிகள். மொட்டைக் கரட்டில் தின்ன ஒன்றும் மீதியில்லை, குட்டிகள் இரண்டும் தலை தொங்கிக் கிடந்தன. அன்றைக்கே காட்டுக்குத் திரும்பினால்தான் அவற்றுக்கு ஏதாவது கிடைக்கும். கரடி தட்டில் ஏறியது. முப்பத்தாறாவது கல்லில் முள் நடுவில் நின்றது. கரடி படித்த கரடியாக இருந்தது.

“குட்டிக்கு நாலு கல்லுங்க மேடம். ரெண்டுக்கும் எட்டு. இதுகளை இறக்கிட்டு அந்தப் பக்கம் எட்டுக் கல்லை எடுத்துட்டா, நான் இருபத்தெட்டு. சீக்கிரம் விட்டீங்கன்னா புண்ணியமாப் போகும்.”

கரடி வாய் திறப்பதற்கு முன்பே அந்த இருபத்தெட்டு மருதாயியின் மனதில் வந்துவிட்டது. கை கல் தட்டுப் பக்கம் பாதி தூரம் போகவும் செய்தது. எடுத்துவிடுவாள் என்றுதான் நானும் நினைத்தேன். அப்போது அவளுக்கு வாலில் அந்த முள்ளம்பன்றிப் பிள்ளை குத்திய இடம் சுரீர் என்றது. மேலே இருந்த அட்டையை நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்கு இரண்டு பக்கமும் தெளிவாகத் தெரிந்தது. ஒரு பக்கம் அவள் தட்டில் கிடந்த நாலு நாள் இருந்தது. எதிர்ப்பக்கத்தில் இதுவரை ஒன்றுமே வைக்கப்படவில்லை.

கையை இழுத்துக்கொண்டாள்.

“எதிர்த்தட்டுல குட்டி இருக்கா?”

“இல்லீங்களே மேடம்.”

“அப்ப எப்படிம்மா எடுக்கறது? இறங்காதே, டோக்கன் போயிடும்.”

கரடிக்குட்டி ஒன்று பசியில் முனகியது. மருதாயி பக்கத்தில் இருந்த கோப்பைப் பிரித்து, நீள நாக்கை நீட்டி, கரையானை ஒன்றுவிடாமல் எடுத்துக்கொண்டாள்.

நீதி: ஒரு பக்கம் பட்ட பாட்டை மறுபக்கமும் படவைத்துவிட்டால், இரண்டும் ஒன்றுக்கொன்று அடிபட்டுப் போய், யாருக்கும் ஒரு கஷ்டமும் நேரவில்லை என்று விடை வரும்.